மடுவத்திலிருந்து ஒரு துப்பறிவாளன்

மார்ச் 3, ஹட்டன், இலங்கை மலையகம்

துப்பறியும் படத்துக்கு நான் பார்த்துவைத்திருக்கும் கதாநாயகனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குள்ளம், முன்தலை வழுக்கை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை. மாசி வந்தால் மன்மதன் கதையான காமன் கூத்து ஆடுகிறவர். "இவரா ஹீரோ?" என்று தயாரிப்புப் பக்கம் முகம் சுளிக்கிறது. 1944இல் ஹொலிவூட்டில், பாட்டுப் படங்களில் காதலனாகவே வந்துகொண்டிருந்த டிக் பவலைத் துப்பறிவாளன் பிலிப் மார்லோவாகப் போட்டார்கள். 'ஃபேர்வெல், மை லவ்லி' என்ற பெயரைப் பார்த்து இதுவும் பாட்டுப் படம் என்று சனம் நினைத்தது. படத்தின் பெயரை 'மர்டர், மை ஸ்வீட்' ஆக்கினார்கள், ஆளை மாற்றவில்லை.

மார்ச் 5

நடிப்புத் தேர்வுக்கு வசனமே கொடுக்கக் கூடாது. துப்பறிகிறவருக்குப் பாதி வேலை கேட்டுக்கொண்டிருப்பது. எதிரே ஒருவர் இரண்டு நிமிடம் பொய் சொல்ல வேண்டும். கெமரா இவர் முகத்தில் மட்டும். இளம் நடிகர்கள் புருவத்தைத் தூக்கிச் சந்தேகத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். இவர் பார்வை நேரே பேசுகிறவரின் கையில் போய் நின்றது. தராசு முள்ளையும் கொழுந்துச் சாக்கைப் பிடித்திருக்கும் கையையும் ஒருசேரப் பார்த்துப் பழகிய கண். இதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

மார்ச் 6

சிக்கல் குரலில். கூத்துக் களத்தின் கடைசி ஆள்வரை எட்ட வேண்டிய குரல் அது. குளோசப்பில் கழுத்து நரம்பு புடைக்கிறது. "மெதுவாப் பேசுங்க ஐயா" என்றால் உயிரும் சேர்ந்து இறங்கிவிடும். எதிர் நடிகரைக் கை எட்டும் தூரத்தில் உட்காரவைத்து, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) அடுத்த காம்பராவில், அதாவது அறையில், பிள்ளை தூங்குகிறது என்று சொல்லிப் பேசவைத்தால் சத்தம் குறையும், அழுத்தம் நிற்கும்.

மார்ச் 9, தலவாக்கலை

வெளிச்சச் சோதனை. கறுத்த முகத்துக்கு நேர்முன்னால் விளக்கு வைத்தால் முகம் தட்டையாகும். பவுடர் போட்டால் சாம்பல் பூக்கும். பவுடர் வேண்டாம், கன்ன எலும்பில் துளி தேங்காய் எண்ணெய் போதும். பக்கவாட்டில் நாலடி வெள்ளைத் துணி, அதன் பின்னால் விளக்கு. மறுபக்கம் கறுப்புக் கம்பளி. இருட்டுப் பக்கம் மூன்று ஸ்டொப் குறைவு. ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி, அதாவது இங்கே 8க்கு 1. அதைத் தாண்டினால் அந்தப் பக்கத்துக் கண்ணே காணாமல் போகும்.

தொப்பி வேண்டாம். பின்விளக்கு வழுக்கையில் பட்டால்தான் தலை இருட்டிலிருந்து பிரிகிறது.

மார்ச் 10

மூடுபனியில் முன்விளக்கு போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கைப் பின்னால் கொண்டுபோனால் பனியே திரையாகி, ஆள் கறுப்பாக எழுந்து நிற்பார். தூரத்தில் முகம் தெரியாது. குள்ள உருவமும் ஒரு தோள் தாழ்ந்த நடையுமே அடையாளம். நெட்டையான அழகன் என்றால் பனிக்குள் யாரோ ஒருவன்தான்.

குளிரில் கிடந்த கெமராவைச் சூடான அறைக்குள் அப்படியே எடுத்தால் லென்ஸில் நீர் கோக்கும். மூடிய பையில் அரை மணிநேரம் இருக்கட்டும்.

ஏப்ரல், மே கொழுந்து கூடும் காலம். மடுவத்தை விட்டு அவரால் வர முடியாது. ஜூனுக்கு நாள் குறித்தாயிற்று. தென்மேற்குப் பருவமழையும் அப்போது இறங்கியிருக்கும்; ஜெனரேட்டருக்குத் தகரக் கூரை போட வேண்டும்.