நியூ ஆர்லியன்ஸ்காரர் அப்படிப் பேச மாட்டார்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் என்றால் ஹாலிவுட்டுக்குப் பெரும்பாலும் இரண்டே பேச்சுதான். இழுத்து இழுத்துப் பேசும் பண்ணையார் ஆங்கிலம், இல்லையென்றால் அதே மாநிலத்தின் கேஜன் மக்கள் பேசும், பிரெஞ்சு வாடை வீசும் ஆங்கிலம். 1987இல் திரைக்கு வந்த 'தி பிக் ஈஸி'யில் டென்னிஸ் குவைட் அந்த ஊர் போலீஸ் அதிகாரி. படம் முழுக்கக் கேஜன் பேச்சு. நல்ல நடிகர்தான், ஆனால் கேஜன்களின் ஊர் மேற்கே லாஃபயட் பக்கம்.

நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரம். அயர்லாந்து, இத்தாலி, ஜெர்மனியிலிருந்து வந்த உழைப்பாளிகளின் தெருக்களில் வளர்ந்த பேச்சைக் கேட்டால் நியூயார்க்கின் புரூக்ளின் என்றே நினைப்பீர்கள். பழைய தலைமுறை ஆள் 'ஆயில்' என்பதை 'எர்ல்' என்பார். கடைக்கார அம்மா முகம் தெரியாதவரையும் 'டாலின்' என்று கூப்பிடுவார். அங்குள்ள கறுப்பின மக்களின் பேச்சு வேறு. திரையில் இதெல்லாம் அபூர்வம்.

கேஜன்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அதிகம். 1755 முதல் பிரிட்டிஷார் கனடாப் பக்கமிருந்து விரட்டிய, பிரெஞ்சு பேசிய அகேடியர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1921இல் லூசியானாவின் அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும்தான் என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அப்புறம் பெற்றோர் பலர் வீட்டிலும் அதை விட்டுவிட்டார்கள். அப்படி அவமானப்பட்டுத் தேய்ந்த மொழியின் சாயல்தான் அந்த ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் வேறு ஊர்க்காரர் வாயில் ஒட்டுவது தப்பு. லாஃபயட்டிலும் நியூ ஆர்லியன்ஸிலும் நடிகர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு நடிக்க வையுங்கள்.