கருவிழி ஹெர்பிஸ்: களிம்பா, ஜெல்லா, சொட்டு மருந்தா?

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் கருவிழியின் மேற்படலத்தில் உண்டாகும் புண்ணுக்கு எந்த மருந்து சிறந்தது என்று பயிற்சி மருத்துவர்கள் கேட்கும்போது, நான் தரும் பதில் அவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். 3 சதவீத அசைக்ளோவிர் களிம்பு, 0.15 சதவீத கான்சைக்ளோவிர் ஜெல், 1 சதவீத ட்ரைஃப்ளூரிடின் சொட்டு மருந்து ஆகிய மூன்றும் புண்ணை ஆற்றுவதில் ஏறத்தாழச் சமமானவை என்றே இதுவரையிலான ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. 1960களின் தொடக்கத்தில் வந்த ஐடாக்ஸுரிடினைவிட இவை மேலானவை என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஆற்றும் திறன் சமமாக இருந்தாலும் கண்ணுக்கு இழைக்கும் கெடுதல் சமமல்ல. அசைக்ளோவிரும் கான்சைக்ளோவிரும் செயல்படத் தொடங்க, வைரஸுக்கே உரிய தைமிடின் கைனேஸ் என்னும் நொதி தேவை. ஆகவே நோய் தொற்றாத செல்களை அவை பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ட்ரைஃப்ளூரிடினுக்கு அத்தகைய பாகுபாடு கிடையாது. அதனால்தான் அதை 21 நாட்களுக்கு மேல் தொடரக் கூடாது என்கிறார்கள்.

இந்த வரம்பு மீறப்பட்ட கண்கள் எங்கள் பிரிவுக்கு அவ்வப்போது வருவதுண்டு. 'புண் ஆறவில்லை, மருந்தைக் கூட்டியும் பயனில்லை' என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுதியிருக்கும். புண்ணைப் பச்சையாகக் காட்டும் ஃப்ளூரசீன் சாயமிட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியான ஸ்லிட் லாம்ப்பின் நீல ஒளியில் பார்த்தால், நுனிகள் குமிழ்போலப் பருத்துக் கிளைவிட்டு ஓடும் ஹெர்பிஸ் புண்ணுக்குரிய கோடுகள் எங்கும் இருக்காது. கருவிழியின் கீழ்ப்பாதியில் பச்சைப் புள்ளிகள் மட்டும் தூவியதுபோல் கிடக்கும். வைரஸ் எப்போதோ அடங்கிவிட்டது, எஞ்சியிருப்பது மருந்தின் நச்சு. அத்தகைய கண்ணுக்குப் பெரும்பாலும் மருந்தை நிறுத்துவதும், கெடாமல் காக்கும் பதப்பொருள் சேராத செயற்கைக் கண்ணீரைத் தருவதுமே சிகிச்சை. ஒரு மருந்தை நிறுத்தச் சொல்லும்போது நோயாளியின் முகத்தில் தெரியும் அவநம்பிக்கையைப் போக்குவதற்குத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும்.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் அதிகம் கவனிப்பது நோயாளியின் அன்றாடத்தை. ட்ரைஃப்ளூரிடினை விழித்திருக்கும் நேரமெல்லாம் 2 மணிக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 9 சொட்டுவரை விட வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலும் வைத்திருக்க வேண்டும். நடுங்கும் கையோடு தனியாக வாழும் முதியவரிடம் இதை எழுதிக் கொடுப்பது எழுத்தளவில் மட்டுமே சிகிச்சை. அசைக்ளோவிர் களிம்பு நாளுக்கு 5 முறை போதும், புண் ஆறிய பின் குறைந்தது 3 நாட்கள் தொடர்ந்தால் சரி; ஆனால் இட்டவுடன் பார்வை மங்குவதால், வண்டி ஓட்டுபவர்களும் திரை முன் வேலை செய்பவர்களும் பகல் வேளைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். கான்சைக்ளோவிர் ஜெல்லிலும் மங்கல் உண்டு, ஆயினும் களிம்பளவுக்கு இல்லை என்பதே என் நோயாளிகள் சொல்வது. அதை ஆறும்வரை 5 முறையும், பிறகு ஒரு வாரம் 3 முறையும் இட வேண்டும். கிடைக்குமானால் என் முதல் தேர்வு அதுவே. கண்ணைத் திறக்கவே விடாத குழந்தைகளுக்கு வாய்வழி அசைக்ளோவிரே மேல். பெரியவர்களுக்கு அதைத் தரும்போது சிறுநீரகத்தின் நிலையை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

எந்த மருந்தை எழுதினாலும், நிறுத்த வேண்டிய தேதியையும் சீட்டில் எழுதுகிறேன். மேற்படலப் புண் இருக்கும்வரை ஸ்டீராய்டு சொட்டு வேண்டாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனெனில் சிவப்பு குறையட்டும் என்று வீட்டில் மீந்திருந்த சொட்டை விட்டு, கிளைப்புண்ணை அகன்ற புண்ணாக்கிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கண்ணில் இடும் எந்த மருந்தும் முகத்தின் உணர்வு நரம்பான முக்கிளை நரம்பின் முடிச்சில் உறங்கும் வைரஸைத் தொடுவதில்லை. ஆகவே நோய் அடிக்கடி திரும்புபவர்களிடம் நான் களிம்பைப் பற்றிப் பேசுவதைவிட, நாளுக்கு இருமுறை 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரையைப் பற்றியே அதிகம் பேசுகிறேன். 1998இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஓராண்டு அதை உட்கொண்டவர்களில் நோய் திரும்பியது 19 சதவீதத்தினருக்கு, போலி மாத்திரை பெற்றவர்களில் 32 சதவீதத்தினருக்கு.