படுவான்கரையில் ஒரு நாள்

மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் சாலை மட்டுமல்ல. வாவி என்று அவர்கள் சொல்கிற காயலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகிற மிதவைக்கும் அங்கே அதுதான் பெயர். இது எனக்குத் தெரியாது. “பின்னேரம் பாதையில திரும்பி வருவம்” என்று தோழி சொன்னபோது, வேறு எதில் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் நானும் அவளும் ஒரே அறை. அவள் இசை படித்தாள், நான் தமிழ். படிப்பு முடிந்து அவள் ஊர் திரும்பியபின் போர் நடந்த காலம் முழுக்கக் கடிதங்கள்தான் எங்களைப் பிடித்து வைத்திருந்தன. சில வருடங்கள் அவையும் வரவில்லை. இப்போதுதான் அவள் ஊருக்கு நான் வர முடிந்தது, அதிலும் கோயில்களுக்கென்று கிடைத்தது ஒரே ஒரு நாள். அவள் தம்பி ஓட்டோவை எடுத்துக்கொண்டு விடியுமுன்னே வாசலில் வந்து நின்றான்.

“முதல் மாமாங்கம். மறுகா மற்றதெல்லாம்” என்றாள். ‘பிறகு’ என்பதற்கு அந்த ஊரில் ‘மறுகா’ என்கிறார்கள். விடுதியில் இருந்தபோதும் அவள் இப்படித்தான் சொல்வாள், நாங்கள் எல்லோரும் அதைப் பழகிக்கொண்டிருந்தோம். இத்தனை வருடம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது.

அமிர்தகழியில் இருக்கிறது மாமாங்கேஸ்வரர் கோயில். இராமபிரான் லிங்கம் வைத்து வழிபட்ட இடம் என்பது ஊர் மக்களின் நம்பிக்கை. கும்பகோணத்துப் பக்கம் பிறந்த எனக்கு மாமாங்கம் என்றால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது. இவர்களுக்கு அது வருடாவருடம் வருகிறது. ஆடி அமாவாசை அன்று தீர்த்தமாடவும் மறைந்த பெற்றோரை நினைத்துப் பிதிர்க்கடன் கொடுக்கவும் இந்தக் குளக்கரையில் பெருங்கூட்டம் கூடுகிறது. நாங்கள் போனது சாதாரண நாள். படியில் எங்களைத் தவிர இரண்டு பாட்டிகள் மட்டும் இருந்தார்கள். தோழி இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளி, அவள் அப்பா பெயரைச் சொல்லி விட்டாள். நானும் அள்ளினேன், என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். இந்த ஊரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் அப்பாதான்.

குடவாசலுக்குப் பக்கத்தில் திருக்கொள்ளம்பூதூர் என்று ஒரு தலம். ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர்கள் போய்விட்ட நேரத்தில், திருஞானசம்பந்தர் ஓடத்தில் ஏறி ‘கொட்டமே கமழும்’ என்று பதிகம் பாட, துடுப்புப் போட ஆளில்லாமலே ஓடம் அக்கரை சேர்ந்தது என்பார்கள். அதை நினைத்து இன்றைக்கும் அங்கே ஓடத் திருவிழா நடக்கிறது. 1947 ஜூன் மாதம் அந்தக் கோயிலில்தான் சுவாமி விபுலானந்தரின் யாழ்நூல் அரங்கேறியது. சுமார் 14 ஆண்டு உழைத்து, வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழை அடிகள் மீட்டெடுத்த நூல் அது. என் அப்பாவுக்கு அப்போது பத்து வயது, தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். “மட்டக்களப்புச் சாமி. உடம்பு முடியாமல் இருந்தார், ஆனாலும் வந்திருந்தார்” என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே, ஜூலை 19 அன்று அடிகள் மறைந்துவிட்டார்.

அதனால் மாமாங்கத்திலிருந்து நேரே கல்லடிக்குப் போனோம். பாலத்தைத் தாண்டினால், அடிகள் கட்டி வளர்த்த சிவானந்த வித்தியாலயம். தமக்குத் துறவு கொடுத்த குருவின் பெயரைத்தான் பள்ளிக்கு வைத்தார். சமாதியும் அங்கேயே. இறைவனுக்கு உகந்த மலர் மல்லிகையா, வேறு மலரா என்று கேட்டு, உள்ளம் என்கிற தாமரைதான் என்று முடியும் அவருடைய பாடலை அங்கே பொறித்திருக்கிறார்கள். தோழி முந்தின இரவு கட்டிய மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டு மெதுவாக அந்தப் பாடலைப் பாடினாள். அண்ணாமலையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் இவர் என்பதை விடுதி நாட்களில் அவள் அடிக்கடி சொல்வாள். தன் ஊர்க்காரர் நடந்த வளாகம் என்று பெருமை. அது எனக்கு இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த மனிதர் இங்கே இருக்கிறார். நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

வாவியின் கிழக்குப் பக்கத்தை, அதாவது கடலை ஒட்டிய பக்கத்தை, எழுவான்கரை என்கிறார்கள். சூரியன் எழுகிற கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை. இவ்வளவு அழகாக ஊர்ப்பக்கங்களுக்குப் பெயர் வைத்த மக்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. படுவான்கரை முழுக்க வயலும் மாடுகளும்தான். 2014இல் மண்முனைப் பாலம் வந்தபின் கொக்கட்டிச்சோலைக்குப் போவது சுலபமாகிவிட்டது, அதுவரை அங்கேயும் பாதைதான். போர் நாட்களில் அந்தக் கரைக்குப் போன உறவினர் திரும்பி வரும்வரை அம்மா சாப்பிடாமல் இருப்பாள் என்று தோழி சொன்னாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொக்கட்டிச்சோலையில் ஈசன் தான்தோன்றீஸ்வரர். காட்டில் வேடர் ஒருவர் கொக்கட்டி மரத்தை வெட்ட, இரத்தம் பெருகி, அங்கே சுயம்புவாக லிங்கம் வெளிப்பட்டது என்பது தல வரலாறு. பழைய காலத்திலிருந்து ‘தேசத்துக் கோயில்’ என்று பெயர். ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமில்லை, அந்தப் பகுதிக்கே பொது. போர்த்துக்கேயர் கோயிலை இடிக்க வந்தபோது, “இந்தக் கல் நந்தி புல் தின்னுமா?” என்று கேட்டார்களாம். குருக்கள் சிவனை நினைத்துப் புல்லை நீட்ட, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். வந்தவர்கள் அப்படியே திரும்பிவிட்டார்கள். தோழியின் அம்மா காலையில் என் கையில் ஒரு பிடி அறுகம்புல்லைக் கொடுத்து, “நந்திக்கு முன்னால வையி மகள்” என்று சொல்லியிருந்தார். வைத்தேன். சின்ன உருவம்தான். ஆனால் கோயில் இன்று நிற்பதற்குக் காரணமே இந்த நந்தி என்று அந்தக் கரையில் எல்லோரும் சொல்லும்போது, வெறும் கல்லாக எப்படிப் பார்ப்பது? கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போதும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மதியம் அவள் சித்தி வீட்டில் மரக்கறிச் சோறு, சட்டியில் உறைந்த எருமைத் தயிர். அப்புறம் பழுகாமம், வெல்லாவெளி என்று தெற்கே மண்டூருக்கு.

நாள் முழுவதிலும் என்னை அதிகம் உலுக்கியது மண்டூர்தான். முருகன் கோயில், சின்னக் கதிர்காமம் என்கிறார்கள். நாங்கள் போனபோது நடை சாத்தியிருந்தது. மரத்தடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். பிறகு மணி அடித்தது. கதிர்காமத்தைப் போலவே இங்கேயும் வாய்கட்டிப் பூசை. பூசை செய்கிற கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார். நமக்கு முன்னால் திரை. மந்திரம் இல்லை, அர்ச்சனையில் நாமம் சொல்லுகிற குரல் இல்லை. மூலவரைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. சின்ன வயதிலிருந்து ஆகமக் கோயில்களில் தீபாராதனை பார்த்து வளர்ந்தவள் நான், முதல் இரண்டு நிமிடம் எதைப் பற்றிக்கொள்வது என்றே தெரியவில்லை. தேவாரமாவது சொல்லலாம் என்று உதடு அசைந்தது. தோழி என் கையைப் பிடித்தாள். “ஒண்டும் சொல்லாத கா. சும்மா நில்லு.”

நின்றேன். சாம்பிராணிப் புகையும், வெளியே காகங்களும், யாரோ ஒரு குழந்தையின் கொலுசும். கேட்க வேண்டும் என்று ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த வேண்டுதல் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. திரை மட்டும் காற்றில் லேசாக அசைந்தது. “முருகா” என்று ஒரு பெரியவர் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

வெயில் தணிந்த நேரத்தில் துறைக்கு வந்தோம். அப்போதுதான் பாதையைப் பார்த்தேன். தட்டையான ஒரு மிதவை. நான்கைந்து மோட்டார் சைக்கிள்கள், எங்கள் ஓட்டோ, அரிசி மூட்டையோடு ஒரு அண்ணன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எதிரே எழுவான்கரையில் குருமண்வெளி. பௌர்ணமி இரவுகளில் கல்லடிப் பாலத்துக்குப் பக்கம் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். மட்டக்களப்புக்கு மீன்பாடும் தேன்நாடு என்ற பெயர் அதனால் வந்தது. வாவியின் அந்த இசையை நீரரமகளிர், அதாவது நீரில் வாழும் தேவமகளிர், பாடுவதாக வைத்து அடிகளும் பாடியிருக்கிறார். அன்று பௌர்ணமியும் இல்லை, அது கல்லடியும் இல்லை. ஆனாலும் நான் கம்பியில் காதை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும்தான்.

“உங்கட ஊர்ப் பதிகம் ஞாபகம் இருக்கா?” என்றாள். விடுதியில் நான்தான் அவளுக்கு அதன் கதையைச் சொன்னேன், அவள்தான் எனக்குப் பண்ணோடு பாடக் கற்றுக்கொடுத்தாள். அவள் ‘கொட்டமே கமழும்’ என்று எடுத்தாள். நான் சேர்ந்துகொண்டேன். அரிசி மூட்டைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் எங்களையே பார்த்தார்கள். நடு வாவியில் சூரியன் எங்களுக்குப் பின்னால், படுவான்கரைத் தென்னைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பதிகத்தில் மூன்று பாட்டு மீதி இருக்கும்போதே கரை தட்டிவிட்டது. தம்பி ஓட்டோவை இறக்கிக் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தி, அணைத்துவிட்டுக் காத்திருந்தான். நாங்கள் துறையில் நின்றபடியே மீதி மூன்றையும் பாடி முடித்தோம்.