சடாயுவுக்குக் கடன் செய்த சன்னிதியில்

மகாளய அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசி, ஆயுதத்தால் உயிர் விட்டவர்களுக்கான திதி. எங்கள் வீட்டில் அதற்குச் 'சின்னத் தாத்தா நாள்' என்றே பெயர். தாத்தாவின் தம்பி அவர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், மீசை அரும்பிய வயதில், தஞ்சாவூர் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்தார். மதராஸ் சாப்பர்ஸில் சேர்த்தார்கள். சாலை போடுவதும் பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அந்தப் படையின் வேலை. பர்மாவுக்குப் போனார். மாதாமாதம் மணியார்டர் வந்துகொண்டிருந்தது. 1945இல் தந்தி வந்தது.

அந்தத் தந்தியைக் கரையான் தின்று வெகுகாலம் ஆயிற்று. இறந்த தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. கல்யாணம் ஆகாதவர், பிள்ளை இல்லை. அதனால் முதலில் தாத்தா, பிறகு அப்பா, இப்போது என் தம்பி இந்தச் சதுர்த்தசியில் குடமுருட்டியில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள்.

இந்தப் புரட்டாசியில் தர்ப்பணம் முடிந்து கரையேறியதும் அத்தை, "என்னைப் புள்ளபூதங்குடிக்குக் கூட்டிப் போ" என்றார். அவருக்கு 87 வயது. தன் சித்தப்பாவான சின்னத் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து வாய்க்கால் தாண்டியது நினைவிருக்கும் ஒரே ஆள் இன்று அவர்தான். மறுபேச்சில்லாமல் ஆட்டோவை வரச் சொன்னேன்.

திருப்புள்ளபூதங்குடி சுவாமிமலைக்கு அருகில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. சிறிய ஊர், பெரிய அமைதி. இராவணனோடு போரிட்டுச் சிறகு அறுபட்டு விழுந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். வைத்தீஸ்வரன் கோயிலிலும் சடாயுவை எரித்த இடம் என்று சொல்லப்படும் சடாயு குண்டம் உண்டு. இரண்டு இடத்திலும் விழுந்து கும்பிடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மூலவர் பெயர் வல்வில் ராமன். கோலமோ சயனம். வில்லேந்தி நிற்கும் இராமனையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கிழக்கே முகம் வைத்துப் படுத்திருக்கும் இராமனைக் கண்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. பெற்ற தகப்பனுக்கு அருகிருந்து கொள்ளி வைக்கக் கொடுத்து வைக்காதவர். வழியில் விழுந்து கிடந்த ஒரு பறவையைத் தகப்பனாக எண்ணி எல்லாம் செய்தார். சடங்கில் மனைவி உடனிருக்க வேண்டும், சீதை இல்லை, ஆகவே பூமிப்பிராட்டியே வந்து துணை நின்றாள் என்கிறது இத்தலத்துக் கதை. பொற்றாமரையாள் என்று தாயாருக்குத் திருநாமம். அந்தப் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பட்டர் தீர்த்தம் கொடுக்கும்போது அத்தை கேட்டார்: "சாமி, எங்க சித்தப்பா பர்மாவுல செத்தாரு. அவருக்கு யாரு கொள்ளி வச்சிருப்பாங்க?"

பட்டர் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு அத்தையின் உள்ளங்கையில் இன்னொரு முறை தீர்த்தம் விட்டார். துளசியையும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தார்.

ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் பெரிய போர் நினைவிடம் இருக்கிறது. புதைத்த இடம் தெரியாத ஏறக்குறைய 27,000 வீரர்களின் பெயர்களை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சின்னத் தாத்தாவின் பெயரும் அவற்றில் ஒன்று. அதைத் தேடிக் கண்டுபிடித்த அன்று தம்பி அழுதான். அந்த உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். எங்கள் ஆற்றங்கரையில் இப்படி இன்னும் எத்தனை வீடுகளோ என்று ஒவ்வொரு புரட்டாசியிலும் தோன்றும்.

புள்ளபூதங்குடியைப் பத்துப் பாசுரங்களில் பாடிய திருமங்கையாழ்வாரும் சோழநாட்டுப் படைத்தலைவராக இருந்தவர்தான். சீர்காழிப் பக்கத்துத் திருக்குறையலூர்க்காரர். போர்க்களத்தைக் கண்ணால் கண்டவர் இங்கே வந்து நின்றபோது என்ன நினைத்திருப்பார்!

திரும்பும் வழியில் திருப்புறம்பியம் போனோம். அது நான் கேட்டுக்கொண்டது. சாட்சிநாதரையும் கரும்பன்ன சொல்லியம்மையையும் தரிசித்தோம். பிரளயம் காத்த விநாயகருக்கு விநாயகர் சதுர்த்தி இரவில் தேன் அபிஷேகம் நடக்கும். ஊற்றும் தேன் முழுவதையும் அவர் திருமேனியே உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பார்கள். அன்று வெறும் அருகம்புல் சாத்திக்கொண்டு அமைதியாக இருந்தார்.

ஒன்பதாம் நூற்றாண்டின் பெரும்போர் நடந்த மண் இது. பல்லவன் அபராஜிதனும் பாண்டியன் வரகுணனும் மோதினார்கள். பல்லவனுக்குத் துணையாகக் கன்னட நாட்டுப் பக்கமிருந்து வந்த கங்க மன்னன் பிருதிவீபதி, வெற்றியைத் தேடித் தந்துவிட்டு இங்கேயே விழுந்தான். அபராஜிதன் என்றால் வெல்லப்படாதவன். நண்பனின் அந்தப் பெயரை மெய்யாக்கிவிட்டுத் தன் உயிரைக் கொடுத்துச் சொர்க்கம் புகுந்தான் என்று உதயேந்திரம் செப்பேடு அவனைச் சொல்கிறது. அவனுக்கு இங்கே பள்ளிப்படை, அதாவது இறந்தவருக்கான நினைவுக் கோயில், எடுத்தார்கள். களம் இருந்த பக்கத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர்.

எங்கிருந்தோ வந்து நம் வயல்நடுவே விழுந்தவன். ஆட்டோவில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. சின்னதாக, எளிமையாக இருந்த அந்தப் பள்ளிப்படையின் முன்னால் நின்றதும், "இவனுக்குப் புள்ளைங்க யாரும் இங்க வர்றதில்லையா?" என்று கேட்டார்.

"ஆயிரம் வருஷத்துக்கும் மேல ஆயிடுச்சு அத்தை."

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பட்டர் கூடுதலாகக் கொடுத்த துளசி அதில் இருந்தது. பாதியைக் கல்லின் மேல் வைத்தார். காலையில் குடமுருட்டியில் நிரப்பி வந்த பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அதையும் அந்தக் கல்லின் அடியில் மெல்ல ஊற்றினார்.