ஒரு 'க்கு' காணாமல் போனது

நாளிதழ் டெஸ்க்கில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கைக்குப் பழகிவிட்ட சொல், 'பலி'. இரண்டே எழுத்து. 'உயிரிழப்பு' ஆறு எழுத்து, ஒரே பத்தி அகலமுள்ள தலைப்பில் அடங்காது. 'சாவு'ம் சின்னச் சொல்தான். ஆனால் பறிகொடுத்த வீட்டுக்காரர்களும் படிப்பார்களே என்று மூத்தவர்கள் தவிர்ப்பார்கள். அதனால் லாரி மோதினாலும் பலி, மின்னல் தாக்கினாலும் பலி.

அந்தச் சொல் என்னை உறுத்தியது 2004 ஜூலை 16 அன்று. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்த நாள். சமையல் கூடத்தில் பிடித்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவிவிட்டது. நிருபர் ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் எண்ணிக்கை ஏறியது. பக்கம் அச்சுக்குப் போகும்வரை தலைப்பில் எண்ணை மட்டும் அழித்து அழித்து மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே இருந்த 'பலி'யைத் தொடவில்லை. கடைசியில் அந்த எண் 94-இல் வந்து நின்றது.

மறுநாள் அமாவாசை. அம்மா மாடியில் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். அதற்கும் பழைய பெயர் பலிதான். விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலம் நிறைய நெய்ச்சோறு வைத்தாலும் போதாது என்கிறாள் குறுந்தொகைத் தோழி. அந்தச் சோறுதான் பலி. தேவாரத்தில் சிவன் வீடு வீடாகப் போய் வாங்கும் பிச்சையும் பலி. வைப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் அந்தச் சொல்லே கிடையாது. அப்படியென்றால் அந்தப் பிள்ளைகளைப் படைத்தது யார், எதற்கு? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அலுவலக நூலகத்தில் பைண்டு செய்து வைத்திருந்த பழைய தாள்களைப் புரட்ட ஆரம்பித்தேன். பொடி உதிரும் தாள்கள். அவற்றில் 'பலி'க்கு முன்னால் பெரும்பாலும் ஒரு 'க்கு' இருந்தது. காலராவுக்குப் பலி, புயலுக்குப் பலி. வாங்கிக்கொண்டது எது என்று அந்த ஓர் உருபு சொல்லிவிடும். நாங்கள் எழுதியதோ 'விபத்தில் பலி', 'தீயில் பலி'. இடம் மட்டும் இருக்கிறது, வாங்கியவரைக் காணோம். தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்கப்போய் நாங்கள் தொலைத்தது அதைத்தான் என்று இப்போதும் நம்புகிறேன்.

இப்போது பல இடங்களில் 'உயிரிழப்பு' வந்துவிட்டது. மரியாதையான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதிலும் அந்த 'க்கு' இல்லை.

போன மாதம் எங்கள் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு செய்தியை நீட்டினார். 'கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி 2 தொழிலாளர்கள் பலி'. எத்தனையோ முறை நானே அடித்த வரி. மனிதர்களை அப்படி இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது.

"எதுக்கு பலிம்மா?" என்று கேட்டேன்.

"விஷவாயுவுக்கு, சார்."

"அவங்களா போய் இறங்கினாங்க?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு போனை எடுத்து நிருபரைக் கூப்பிட்டார். "அண்ணா, அந்தத் தொட்டி யாரோடது? உள்ளே இறங்கச் சொன்னது யாருன்னு கேட்டீங்களா?"