கானாடுகாத்தான் கொட்டகையில் கிடைத்த அம்பாசிடர் இன்ஜின்

எங்கள் வீட்டு அம்பாசிடர் தாத்தா 1961-இல் வாங்கிய மார்க் 1, அந்தக் காரின் முதல் மாடல். பாடி, கதவு, ஸ்டீயரிங் எல்லாம் அவர் கை பட்டவை. இன்ஜின் மட்டும் அப்படி இல்லை. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் 1980-களின் கடைசியில் அப்பா டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டார். அந்தக் காலத்தில் நிறைய அம்பாசிடர்களுக்கு இதுதான் நடந்தது. கழற்றிய இன்ஜினைப் பட்டறைக்காரர் கூலியில் கழித்துக்கொண்டார். அது எங்கே போனது என்று தெரியவில்லை.

அதே மாதிரி இன்னோர் இன்ஜினை இரண்டு வருடமாகத் தேடினேன். ஆரம்பத்தில் வந்த அம்பாசிடர்களில் 1476 சிசி சைடு வால்வ் இன்ஜின், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். 1959-இல் 1489 சிசி, ஓவர்ஹெட் வால்வ், அதாவது வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருக்கும் இன்ஜின் வந்தது; பிரிட்டன் கம்பெனியான பி.எம்.சி.யின் பி சீரிஸ். எங்கள் வண்டிக்கு வேண்டியது அதுதான். அதே 1489 பின்னால் வந்த மார்க்குகளிலும் தொடர்ந்ததால், "பெட்ரோல் அம்பாசிடர் இன்ஜின் எதுவானாலும் உட்காரும் சார்" என்று திருச்சியில் இரண்டு பேர் சொன்னார்கள். உட்காரும், உண்மைதான். ஆனால் எனக்கு அந்த வருடங்களின் இன்ஜின், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவோடு வேண்டும். 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது; சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது. விதி இல்லாவிட்டாலும் தேடியிருப்பேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு என் மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி என்று கடை கடையாகக் குவிந்திருக்கிறது. இன்ஜின் இல்லை. ஆனால் ஒரு கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கானாடுகாத்தான்ல ஒரு வீட்டுக் கார் கொட்டகையில ஏதோ கிடக்கு, போய்ப் பாருங்க" என்றார்.

முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் பெரிய வீடு. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் எங்களை உட்காரவைத்து, ஆச்சி முதலில் மோர் கொடுத்தார். அப்புறம்தான் சாவி. அவர்கள் வண்டிக்கும் டீசல் ஏற்றி, பிறகு வண்டியை விற்றுவிட்டார்களாம். பழைய இன்ஜினை மட்டும் யாரும் வெளியே அனுப்பவில்லை.

கோணியை விலக்கியதும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிளாக்கைத் துடைத்தேன். கறுத்த பிசின் மாதிரி கிரீஸ் உரிந்து வர, கீழே சின்னத் தகடு. முதலில் ஓர் எழுத்தின் கால், பிறகு வரிசையாக எண்கள். டைனமோ அதன் இடத்திலேயே இருந்தது. ராக்கர் மூடியைத் திறந்தால் வால்வுகளை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கர்களும் எண்ணெய்ப் பூச்சு காயாமல் இருந்தன. பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் மட்டும் அசையவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, ஓட்டை வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, காரைக்குடியில் தங்கினோம். நான் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் காலை புல்லி நட்டில் ஸ்பானரைப் போட்டு அண்ணன் மெல்ல அழுத்தினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு முனகல், கால் சுற்று. இன்னும் கொஞ்சம் விட்டு விட்டு அழுத்த, முழுச் சுற்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விலை பேசுவது இனிமேல்தான். "அஞ்சு பங்காளியும் சரின்னு சொல்லணும் தம்பி. நாளைக்கு ஒருத்தர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார் ஆச்சி. செட்டிநாட்டு வீடுகளில் தூணும் கதவும் எல்லாப் பங்குக்கும் சொந்தம், இன்ஜினும் அப்படித்தான். சென்னைக்கு மூன்று போன், கோவைக்கு ஒன்று, மலேசியாவுக்கு ஒன்று. மத்தியானம் வரை ஆனது. அது முறை என்றே எனக்குப் பட்டது. எங்கள் இன்ஜின் போனபோது இப்படி யாராவது ஒருவரைக் கேட்டிருக்கலாம். 18,000 ரூபாய்க்கு முடிந்தது. கடைசியில் ஆச்சி இரும்புப் பெட்டியைத் திறந்து, கணக்கு நோட்டுகளுக்கு நடுவிலிருந்து 1962-ஆம் வருடத்து ரசீதை எடுத்தார், வண்டி வாங்கியபோது கொடுத்தது. அதில் இருந்த இன்ஜின் நம்பரைத் தகட்டோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரை மாற்ற இந்தத் தாள் எனக்குத் துணையாக இருக்கும்.

செயின் பிளாக்கில் தூக்கிக் குட்டியானையில் ஏற்றினோம். சிலிண்டர்களைக் கடைந்து போர் போட வேண்டியிருக்கும், கிராங்க்கை அளந்து பார்க்க வேண்டும், வேலை நிறையவே இருக்கிறது.

திருமயத்தில் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க நிறுத்தினோம். அங்கிருந்து அப்பாவுக்கு போன் போட்டு, தகட்டில் இருந்த நம்பரைப் படித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேனா தேடுகிறார் என்று பிறகு புரிந்தது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார். சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, "டைனமோ இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குப்பா."