மகனின் நிறை: கடிதம் வந்ததிலிருந்து 10 மாதம்

பள்ளிக்கூடத்தில் மருத்துவப் பரிசோதனை நடந்த அன்று, மகன் புத்தகப் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துத் தந்தான். உயரம் 134 சென்ரிமீற்றர், நிறை 38.5 கிலோ, உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு நிறை எவ்வளவு என்ற கணக்கு) 21.4. பக்கத்தில் 'உடற்பருமன்' என்று எழுதியிருந்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு அப்போதுதான் 9 வயது முடிந்திருந்தது. தரம் 4.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மாமி, அதாவது மனைவியின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறா. "பிள்ளைக்கு நாவூறு படப்போகுது, இதையெல்லாம் போய் எழுதி அனுப்புறாங்களே" என்று அன்று பின்னேரமே உப்பும் மிளகாயும் சுத்தி அடுப்பில் போட்டா. நான் போனில் தேடினேன். உடற்திணிவுச் சுட்டி 25க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை என்று கண்டதும் மனம் ஆறிவிட்டது. 21.4 தானே, இவர்கள் எதையோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். இரண்டு கிழமை அது அங்கேயே கிடந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தவர் ஒரு தையல்காரர். பள்ளிக்கூடக் காற்சட்டை தைக்க மகனைக் கூட்டிப் போயிருந்தேன். இடுப்பை அளந்துவிட்டு நாடாவை எனக்கு நீட்டிக் காட்டினார். 71 சென்ரிமீற்றர். "தம்பி, இந்த இடுப்புக்கு நான் தரம் 7, 8 பிள்ளையளுக்குத்தான் வெட்டுறனான். நீளத்துக்கு வெட்டினா இடுப்பு பூட்டாது, இடுப்புக்கு வெட்டினா கால் முழங்காலுக்குக் கீழ போகும்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, துணி போதுமா என்றுதான் கேட்டார். ஆனால் முந்தைய வருடமும் கடையில் வாங்கிய காற்சட்டையின் காலை மடித்துத் தைத்துத்தான் போட்டான் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பணிமனையில் எங்களோடு பேசிய மிஸ் நல்ல பொறுமைசாலி. என் 25 கணக்கைக் கேட்டுவிட்டு, அது வளர்ந்தவர்களுக்கு உரிய அளவு என்றா. பிள்ளைக்கு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 9 வயதுப் பையனுக்கு நடு அளவு 16. 17.9ஐத் தாண்டினால் அதிக நிறை, 20.5ஐத் தாண்டினால் உடற்பருமன். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. அவனுடைய புள்ளி மேல்கோட்டுக்கும் மேலே நின்றது.

அப்புறம் பிறந்தபோது தந்த கிளினிக் புத்தகத்தைக் கேட்டா. நல்ல காலம், மனைவி அதைக் கொண்டுவந்திருந்தா. அந்த நீலப் புத்தகத்தை நாங்கள் விரித்துப் பார்த்துப் பல வருடம். மூன்று வயதுவரை புள்ளிகள் ஒரே கோட்டின் ஓரமாக ஒழுங்காகப் போகின்றன. மூன்றரையில் ஒரு சறுக்கல். அந்த முறை கடும் காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து எலும்பும் தோலுமாய் வந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளியும் ஒரு கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருக்கிறது. சாதாரணமாகக் குழந்தைகள் ஒரு வயதுக்குப் பிறகு ஐந்து, ஆறு வயதுவரை உடல் இறங்கி மெலிந்து தெரிவார்கள், பிறகுதான் மெல்ல ஏறத் தொடங்கும் என்று மிஸ் விளங்கப்படுத்தினா. அந்த ஏற்றம் இவனுக்கு நாலு வயதிலேயே தொடங்கிவிட்டது. பின்னாளில் நிறை கூடும் என்பதற்கு அது ஒரு முன்னறிகுறி.

அந்த நாலு வயதை நினைத்துப் பார்த்தேன். மெலிந்துவிட்டானே என்று ஃபார்மசியில் கேட்டுப் பசி மருந்து வாங்கிக் கொடுத்தது நான். ரிவியைப் போட்டுவிட்டு, அவன் வாயைப் பார்த்துப் பார்த்து ஊட்டியது மாமி. கிளினிக்கில் நிறை கூடியிருக்கிறது என்று சொன்ன ஒவ்வொரு முறையும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். எங்கள் ஊரில் பிள்ளையின் நிறை என்றால் குறைவதற்குத்தான் பயப்படுவோம், கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா கிடைக்குமா என்று கேட்போம். கூடுகிறதே என்று கவலைப்பட்டு யாரும் கிளினிக்குக்குப் போய் நான் கண்டதில்லை. என் கண்ணும் மெலிவை மட்டுமே தேடப் பழகிய கண்.

அங்கிருந்து ஆஸ்பத்திரியில் சிறுவர் வைத்திய நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் முதலில் பார்த்தது மகனின் கழுத்தை. பின்கழுத்தில் கறுப்பாக, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி ஒரு பட்டை இருந்தது. அக்குளிலும் இருந்தது. அதை ஊத்தை என்று நினைத்து மாமி ஒவ்வொரு சனியும் பயற்றம் மாவும் தேசிக்காயும் போட்டுத் தேய்ப்பா. சில நாள் தோல் சிவந்து பிள்ளை அழுவான். "இது ஊத்தை இல்லை அப்பா, தேய்க்காதீங்கோ" என்றார் டொக்டர். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது இரத்தத்தில் இன்சுலின் கூடும், அதனால் தோல் அந்த இடங்களில் தடித்துக் கறுக்கும். நீரிழிவு வரக்கூடிய பாதையில் பிள்ளை நிற்கிறான் என்பதற்கு அது ஒரு அடையாளம். இதை வாசிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, பிள்ளையின் கழுத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள்.

குறட்டை விடுகிறானா, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் வகுப்பில் தூங்குகிறானா என்று கேட்டார். குறட்டை உண்டு. களைத்த பிள்ளை நல்லாய்த் தூங்குகிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். சின்னக் கைக்குரிய பட்டியைக் கட்டி பிரஷர் பார்த்தார். உயரம் வயதுக்குச் சரியாக இருப்பதால் தைரொயிட் போன்ற குறைபாடுகளுக்கான சந்தேகம் குறைவு, உயரம் நின்றுபோய் நிறை மட்டும் ஏறினால்தான் அந்தப் பக்கம் தேட வேண்டும் என்றார். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி சரி, கொலஸ்ரோல் எல்லையில், ஈரல் நொதியின் அளவு கொஞ்சம் கூடுதல். ஸ்கானில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பது தெரிந்தது. 9 வயதில். மனைவி அந்த அறைக்குள்ளேயே அழுதுவிட்டா.

அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. "நிறையைக் குறைக்க வேண்டாம். இந்த 38, 39இல பிடிச்சு வைங்கோ. உயரம் ஏறும்போது கணக்குத் தானாச் சரிவரும்" என்றார். பட்டினி போடக்கூடாது, அவனுக்கென்று தனிச் சாப்பாடு வைக்கக்கூடாது, வீடு முழுக்க மாற வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. இடுப்புக்கு ஒரு சுலபமான வழியும் சொல்லித் தந்தார். பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்ற வேண்டும். நூலின் இரண்டு முனையும் சந்திக்க வேண்டும், சந்திக்காவிட்டால் இடுப்பு கூட. அன்று அவனுக்கு நாலு சென்ரிமீற்றர் இடைவெளி.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கச் சீனியை மட்டும் எழுதினோம். காலையில் பால்தேத்தண்ணி, இரண்டு கரண்டி. பள்ளிக்கூடத்தால் வந்ததும் மால்ட் பால், அதற்கு மேலால் இரண்டு கரண்டி. ரியூசன் வாசலில் ஒரு பைக்கற் பானம். சிவப்பு அடையாளம் போட்டிருந்தது. 2016 முதல் இலங்கையில் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் அந்த நிற வட்டத்தை நான் எத்தனையோ தடவை கண்டும், நின்று வாசித்ததில்லை. 200 மில்லிலீற்றரில் 24 கிராம், ஐந்து கரண்டிக்குக் கிட்ட. பின்னேரம் திரும்பவும் தேத்தண்ணி. எல்லாம் சேர்த்து 55 கிராம், பணிஸும் பிஸ்கற்றும் கணக்கில் இல்லாமலே. மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குக் கீழே என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி பார்த்தால், இவனுக்கு 40ஐத் தாண்டக்கூடாது. பானத்தை அன்றோடு நிறுத்தினோம், சீனியைக் கரண்டி கரண்டியாகக் குறைத்தோம். சுலபமாக முடிந்த மாற்றம் இதுதான்.

கஷ்டமானது மாமியின் பக்கம். அவா கையால் ஊட்டினால்தான் அவன் சாப்பிடுவான் என்று இருந்தது. இனி அவன் தன் கையால் சாப்பிடட்டும், ரிவி வேண்டாம், போதும் என்றால் விட்டுவிடுவோம் என்று சொன்னபோது அவா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் குசினிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் இரவு சொன்னா. 1990இல் ஊரை விட்டு ஓடினபோது மனைவிக்கு மூன்று வயது. காட்டுப் பக்கம் இரண்டு நாள், கையில் ஒரு பை அவல் மட்டும். பிள்ளை பசி என்று கேட்காமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாம். "அதுக்குப் பிறகு ஒரு பிள்ளை கோப்பையில மிச்சம் வச்சா எனக்கு நெஞ்சு அடைக்கும் தம்பி." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பசியைக் கண்டவவிடம் சோற்றைக் குறையுங்கோ என்று எப்படிச் சொல்வது? அடுத்த கிளினிக்குக்கு அவாவையும் கூட்டிப் போனோம். ஈரல் படத்தை டொக்டர் அவாவுக்குத்தான் விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகு வீட்டில் வல்லாரையும் பொன்னாங்காணியும் இல்லாத நாள் குறைவு. பிட்டுக்குச் சீனியும் வாழைப்பழமும் போய், மீன்குழம்பும் கீரையும் வந்தன. இரண்டாம் தரம் சோறு கேட்டால் "பத்து நிமிசம் பொறு மகன், பிறகும் பசிச்சா தாறன்" என்பா. பல நாள் அவன் திரும்பக் கேட்பதில்லை.

புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று கிழமையில் ஐந்து நாள் ரியூசன் போனான். அதில் இரண்டை நிறுத்தினோம். அதற்காக வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத வேண்டாம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் உடம்பை அசைக்க வேண்டும் என்பதற்கு வேறு வழி இருக்கவில்லை. திருகோணமலையில், உவர்மலையிலிருந்து இறங்கி உட்துறைமுக வீதியால் நடந்து திரும்பும்போது ஏற்றம் ஏறுவோம். வெள்ளிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளைக் கோட்டை வாசலோடு விட்டுவிட்டு, மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேசர் கோவிலுக்கு நடப்போம். கடல் அடங்கிக் கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரை ஞாயிறு காலைகளில் உப்புவெளி.

முதல் நாள் உப்புவெளியில் அவன் சேட்டைக் கழற்ற மறுத்துவிட்டான். சொந்தத்தில் ஒரு பையன் அவனைப் 'பூசணி' என்று கூப்பிடுவதும், பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதும் எனக்குத் தெரியும். நானும் அங்கே நின்றிருக்கிறேன், மறித்ததில்லை. தண்ணீர் ஓரத்தில் நின்று, "அப்பா, நான் என்ன பிழை செய்தன்?" என்று கேட்டான். "நீ ஒரு பிழையும் செய்யேல்ல மகன், நாங்கள்தான் கவனிக்காம விட்டிட்டம்" என்றேன். அன்றிலிருந்து வீட்டில் குண்டு, மொத்தம், மெலிவு என்ற சொற்களை எடுப்பதில்லை. சொந்தக்காரர்களுக்கும் ஒவ்வொருவராகச் சொன்னேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். சேட்டோடேயே குளித்தான், ஓகஸ்ட் வரை.

நாலாம் மாதம் நிறை 40 ஆனது. எனக்கு வெறுத்துப் போனது. கோவில் திருவிழா, ஒரு கலியாணம், இரண்டு பிறந்தநாள் என்று ஒரே மாதத்தில் வந்திருந்தன. டொக்டர் உயரத்தையும் அளந்துவிட்டு, ஏசாமல் அடுத்த திகதி போட்டார். வீட்டில் தராசு இருந்தால் அதில் அவனைத் தினமும் ஏற வைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். நித்திரையைப் பற்றித் திரும்பவும் கேட்டார். இரவு பத்தரை வரை படிப்பு என்று சொன்னதும், ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது என்றார். நித்திரை குறைந்தால் பசி கூடும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பத்தாம் மாதக் கிளினிக்கில் உயரம் 138.5, நிறை 39. சுட்டி 20.3. உடற்பருமன் கோட்டுக்குக் கீழே, அதிக நிறைப் பகுதிக்குள் வந்திருக்கிறான். ஈரல் நொதியின் அளவு இறங்கியிருக்கிறது. குறட்டை எப்போதாவதுதான். கழுத்துக் கறுப்பு மங்கியிருக்கிறது, போகவில்லை. அதற்கு இன்னும் காலம் எடுக்குமாம்.

இப்போது வாடை தொடங்கிவிட்டது. பின்னேரம் நடக்க முடியாத மழை, கடலும் கொந்தளிப்பு. விறாந்தையில் துள்ள ஒரு கயிறு வாங்கி வைத்திருக்கிறோம். தராசு மாமியின் அறைக்குள், கட்டிலுக்குக் கீழே. கிளினிக்கால் வந்ததும் இந்த முறை அவா கேட்டது, "எவ்வளவு உயர்ந்திருக்கிறான்?"